ஒரு கொலை, இரண்டு பெருநாள்

கடலூர் முதுநகர்
3.6.1964

மச்சான் முஹம்மது இஸ்மாயில் அவர்களுக்கு,

சலாம். சலாமுக்குப் பதில் சொல்லாமல் இருக்கக் கூடாது என்பது என்னைவிட உங்களுக்கு நல்லாத் தெரியும். அதனால்தான் கடிதத்தை அதில் ஆரம்பிக்கிறேன். இனி நீங்க இதைக் கிழிச்சுப் போட்டாலும் எனக்குப் பாதி லாபம்.

பிப்ரவரிக்குப் பிறகு நான் உங்களுக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. "பிறை பார்த்தாச்சு, நாளை பெருநாள்" என்று நான் அடிச்ச தந்தியை நீங்க பள்ளிவாசலில் படிச்சுக் காட்டி, "ஜலீல் மச்சானுக்குக் குனிஞ்சா சொந்தக் கால் தெரியாது, வானத்துல நூலாட்டம் கிடக்கிற பிறை தெரிஞ்சுதாமா?" என்று கேட்டீங்களாம். சிதம்பரத்திலிருந்து வந்து சொன்னவங்க சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. என் தொந்தியைப் பற்றி நானே ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறவன். ஆனா ஜமாஅத் செயலாளர் சொல்லி ஒரு பள்ளிவாசலே சிரிச்சா கொஞ்சம் உறைக்கத்தான் செய்யுது. நானும் சும்மா இருக்கலை. "சிதம்பரத்துக்காரருக்குப் பிறை நேரில் வந்து கதவைத் தட்டினாத்தான் பெருநாள்" என்று சொன்னேன். அது உங்க காதுக்கு வந்திருக்கும். வரணும்னுதான் சொன்னேன்.

அதெல்லாம் கிடக்கட்டும். இப்போ எழுதுவது நஸ்ருதீனுக்காக.

கேஸை செஷன்ஸுக்கு அனுப்பிட்டாங்க. ஜூலையில் மஞ்சக்குப்பம் கோர்ட்டில் விசாரணை. மளிகை மண்டி கலியமூர்த்தியை எடைக்கல்லால் அடிச்சுக் கொன்னு கல்லாப்பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போனது என் தம்பி மகன்தான் என்று போலீஸ் ஒரே பிடியா நிக்குது. அவங்க கையில் இருப்பது இரண்டு விஷயம். மண்டியில் வேலை பார்த்த இவனை அதுக்கு ஒரு மாசம் முன்னாடி கலியமூர்த்தி அறைஞ்சு விரட்டினதும், இவன் நடுத்தெருவில் நின்னு "உன்னப் பாத்துக்கறேன்" என்று கத்தினதும் ஒண்ணு. பதினேழு வயசில் அதைச் சொல்லாத ஆம்பளை யார் மச்சான்? இன்னொண்ணு, எதிர்க்கடை சோடா சாமிக்கண்ணு. பெருநாள் ராத்திரி வெள்ளைச் சட்டையும் தொப்பியும் போட்ட ஒரு பையன் மண்டிச் சந்தில் ஓடினதைப் பார்த்தாராம். அன்னிக்கு முதுநகரில் பாதிப் பேருக்கு அதே வேஷம். எனக்கும்தான். என்னைப் பிடிக்காததுக்குக் காரணம், என்னால் ஓட முடியாதுன்னு ஊருக்கே தெரியும்.

நம்ம பக்கம் இருக்கிற ஒரே சாட்சி நீங்க. பெருநாள் ராத்திரி சிதம்பரத்தில் மாமா வீட்டில்தான் இருந்தேன் என்கிறான் பையன். மார்ச்சில் இன்ஸ்பெக்டர் வந்தப்போ நீங்களும், பெருநாளைக்கு அவன் உங்க வீட்டில் இருந்ததாகச் சொல்லியிருக்கீங்க. அதையே கோர்ட்டில் வந்து சொன்னாப் போதும் என்கிறார் நம்ம வக்கீல் ராமாமிர்தம். நீங்க வராட்டித் தூக்கு, ஜட்ஜ் வயசைப் பார்த்து இரங்கினா ஆயுசு முழுக்க ஜெயில் என்றும் சொன்னார். இதைச் சொல்லும்போது அவர் காபி குடிச்சுக்கிட்டிருந்தார். எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார். குடிச்சேன். என்ன செய்யறது.

பையனோட அம்மா ரஹ்மத் பீவி தினமும் என் கடைக்கு வந்து ஓரமா நிக்கிறா. மழை இல்லாத காலத்தில் குடைக் கடைக்கு வர்றவ அவ ஒருத்திதான். அலுத்துப்போச்சு மச்சான். சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம், நான் எங்கேயும் போகலை. வாங்க.

அப்துல் ஜலீல்

*

சிதம்பரம்
9.6.1964

மச்சான் அப்துல் ஜலீல் அவர்களுக்கு,

வ அலைக்கும் ஸலாம். கடமை என்பதால் பதில் சொல்கிறேன்.

கோர்ட்டுக்கு வருகிறேன். உங்களுக்காக அல்ல, தகப்பன் இல்லாத பிள்ளைக்காக. உண்மையைச் சொல்ல என்னிடம் யாரும் கெஞ்ச வேண்டியதில்லை.

நான் சொல்லப்போவதை வக்கீலுக்குத் தெரிவிக்கவும். இங்கே முப்பது நோன்பையும் முழுதாக நோற்று, பிப்ரவரி 16, ஞாயிற்றுக்கிழமை பெருநாள் தொழுதோம். தொழுகை முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது நஸ்ருதீன் வாசலில் நின்றான். எங்களோடு சாப்பிட்டான். அன்றிரவு என் வீட்டில் தூங்கினான். மறுநாள் காலை ரயிலுக்குப் போனான். இதில் ஓர் எழுத்தும் மாறாது.

உங்கள் தொந்தியைப் பற்றி நான் சொன்னது உண்மை. மற்றவர்கள் சிரித்தது என் குற்றமல்ல.

ருக்கையா சௌக்கியம். உங்கள் தங்கையாக இருந்தாலும் அவளுக்குத் தனியாக எழுத வேண்டாம். கோர்ட்டு விவகாரமெல்லாம் பெண்கள் காதுக்குப் போகாமல் இருப்பதே நல்லது. "நான் போலீஸிடம் சொல்லியாகிவிட்டது, பையனை விட்டுவிடுவார்கள்" என்று மட்டும் அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

மு. இஸ்மாயில்

*

கடலூர் முதுநகர்
14.6.1964

மச்சானுக்கு,

உங்க கடிதத்தைச் சட்டைப் பையில் வெச்சுக்கிட்டு மாப்பிள்ளை மாதிரி வக்கீல் வீட்டுக்குப் போனேன். படிச்சார். தலையை ஆட்டினார். பிறகு காலண்டரைக் கழட்டிப் பின்னாடி புரட்டினார். மறுபடியும் கடிதத்தைப் பார்த்தார். "ஜலீல் பாய், கொலை நடந்தது சனிக்கிழமை ராத்திரி" என்றார்.

நமக்குள் ஊர் சிரிக்கிற சண்டையே, இரண்டு ஊருக்கு இரண்டு பெருநாள் ஆச்சே என்பதுதான். நாலு மாசமா அதைத் தவிர எனக்கு வேறு பேச்சில்லை. இருந்தும் "பெருநாள் ராத்திரி" என்று பையன் சொன்னப்போ எனக்கு என் பெருநாள்தான் தோணுச்சு. இன்ஸ்பெக்டர் கேட்டப்போ உங்களுக்கு உங்க பெருநாள்தான் தோணியிருக்கு. அடுத்தவனுக்கும் ஒரு பெருநாள் இருந்ததை இரண்டு பேருமே கணக்கில் எடுக்கலை. எங்களுக்குப் பெருநாள் சனிக்கிழமை. கலியமூர்த்தி செத்தது அன்னிக்கு ராத்திரி. நீங்க சாட்சி சொல்றது ஞாயித்துக்கிழமைக்கு. ஞாயித்துக்கிழமை அவன் எங்கே தூங்கினா யாருக்கு என்ன?

சனிக்கிழமை மத்தியானம் என் வீட்டில்தான் பிரியாணி சாப்பிட்டான். கை கழுவிட்டு, வெத்தலை போட்டுக்கிட்டுக் கிளம்பினான். அப்புறம் எனக்குத் தெரியாது.

ஒண்ணு சொல்றேன், ரஹ்மத் பீவிக்குத் தெரிய வேண்டாம். சின்ன வயசில் இவன் என் கடையில் குடைக்கம்பியை உருவி வில் செஞ்சுட்டு, பூனை எடுத்துட்டுப் போச்சுன்னு சாதிச்சவன். முகத்தில் ஒண்ணும் காட்டலை. நானும் ஒரு வாரம் பூனையைத் தேடினேன். நேத்து தொழுகையில் நிக்கும்போது அந்த முகம்தான் கண் முன்னாடி வந்துச்சு. செஞ்சிருப்பானோ மச்சான்?

செஞ்சானோ இல்லையோ, அவன் என் தம்பி மகன். அதனால் கேக்கறேன். ஒரே ஒரு நாள்தானே. ஞாயிறு என்பதை சனி என்று சொல்லிடுங்க. நீங்க பிறை விஷயத்தில் எங்ககிட்டத் தோத்துட்டதா யாரும் சொல்ல மாட்டாங்க. நான்தான் தோத்தேன் என்று உங்க பள்ளிவாசலுக்கே வந்து சொல்றேன், தொந்தியோட.

ஜலீல்

*

சிதம்பரம்
22.6.1964

மச்சான் அவர்களுக்கு,

பொய்ச் சாட்சி சொல்லச் சொல்கிறீர்கள். என்னிடம் இதைக் கேட்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது என்று தெரியவில்லை. சொல்ல மாட்டேன்.

இத்தோடு நிறுத்தி உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். மூன்று நாள் மேஜையில் கிடந்தது. இன்று பிரித்துத் தொடர்கிறேன்.

சனிக்கிழமையும் அவன் வந்தான். இன்ஸ்பெக்டர் பெருநாளைப் பற்றித்தான் கேட்டார். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன்.

அன்று எங்களுக்கு முப்பதாம் நோன்பு. நோன்பு திறக்கக் கொஞ்ச நேரமே இருந்தது. ஜமாஅத்துக்காரர்கள் நாலைந்து பேர் என் வீட்டுக் கூடத்தில் கஞ்சிக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு பாங்குக்காக உட்கார்ந்திருந்தார்கள். உங்கள் தம்பி மகன் அத்தர் மணக்க, புதுச் சட்டையோடு, வாய் சிவக்க வெற்றிலை மென்றபடி உள்ளே நுழைந்து "பெருநாள் முபாரக் மாமா" என்றான்.

நீங்கள்தான் வேண்டுமென்றே அனுப்பினீர்கள் என்று நினைத்தேன். அத்தனை பேர் பார்க்க அறைந்தேன். பிறை பார்த்தவர் வீட்டுக்கே போய்ச் சேர் என்று பிடரியைப் பிடித்து வெளியே தள்ளினேன். பாங்கு சொன்னார்கள். கஞ்சி குடித்தோம்.

மறுநாள் நான் தொழுதுவிட்டு வரும்போது வாசலில் நின்றான். அதே சட்டை. முதுகெல்லாம் கரி. எங்கே இருந்தாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மன்னிப்புக் கேட்பது போல ஆகிவிடும் என்று தோன்றியது. உள்ளே போ என்றேன், போனான்.

நான் தள்ளிய பிறகு கடலூருக்கு ஒரு ரயில் இருந்தது. விடிந்ததும் திரும்பி வரவும் ஒரு ரயில் உண்டு. நான் கூண்டில் ஏறி உண்மையைச் சொன்னால், சர்க்கார் வக்கீலுக்கு நானே கயிறு திரித்துக் கொடுத்ததாகும். ஆகவே என்னைக் கூப்பிடாதீர்கள்.

செய்திருப்பானோ என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியாது. மண்டிக்காரர் அறைந்து விரட்டிய பிள்ளையை நானும் அறைந்து விரட்டினேன். அந்தக் கோபத்தோடு ரயில் ஏறியிருந்தால் என்ற இடத்தில் என் யோசனை நின்றுவிடுகிறது.

மு. இஸ்மாயில்

*

கடலூர் முதுநகர்
30.6.1964

மச்சான்,

நான் அனுப்பலை. அவ்வளவு தூரம் எனக்கு யோசனை ஓடியிருந்தா குடை வித்துக்கிட்டா இருப்பேன்?

ஜெயிலுக்குப் போய்ட்டு வந்தேன். அங்கே பார்க்கப் போறவங்களுக்கு நாற்காலி கிடையாது. நின்னேன். சனிக்கிழமை ராத்திரி எங்கேடா இருந்தே என்று கேட்டேன். மாமா வீட்டுல என்றான். "அறைஞ்சு வெளியே தள்ளினேன்னு மாமாவே எழுதியிருக்காருடா" என்று உங்க கடிதத்தைக் காட்டினேன். கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். "மாமி எப்படி இருக்காங்க பெரிய வாப்பா? மாமா அவுங்கள ஒண்ணும் சொல்லலையே?" என்று கேட்டான்.

எனக்கு வந்த கோபத்துக்குக் கம்பி நடுவில் இல்லாட்டி மூணாவது அறையும் வாங்கியிருப்பான். அங்கே இவன் கழுத்துக்கு அளவெடுக்கிறாங்க, இவன் குடும்ப சௌக்கியம் விசாரிக்கிறான்.

வீட்டுக்கு வந்து, ஒரு கிழிஞ்ச குடைக்குத் துணி தைச்சுக்கிட்டிருக்கும்போதுதான் கேள்வி முளைச்சுது. இவன் ஏன் மாமியைக் கேட்டான்? நீங்க ஏன் அவளை ஏதாவது சொல்லணும்? எனக்குப் புரியலை. உங்களுக்குப் புரியும் என்கிற நம்பிக்கையும் இல்லை, கோவிச்சுக்காதீங்க. இந்தக் கடிதத்தை அப்படியே ருக்கையா கையில் கொடுங்க. பெண்கள் காதுக்கு நீங்க போட்டு வெச்சிருக்கிற சட்டத்தை ஒரு வேளைக்கு எடுத்து வைங்க.

ஜலீல்

*

சிதம்பரம்
8.7.1964

மச்சான் அவர்களுக்கு,

கொடுத்தேன். படித்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "விறகுக் கொட்டடியில இருந்தான்" என்றாள்.

கஞ்சி குடித்துவிட்டு நாங்கள் மஃரிப் தொழப் பள்ளிவாசல் போனதும் பின்வாசல் வழியாகப் போய்த் தேடியிருக்கிறாள். அவன் தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை. கொல்லைச் சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தானாம். கஞ்சி கொடுத்து, கொட்டடியில் சாக்கை விரித்துப் படுக்கச் சொல்லியிருக்கிறாள். நான் கொல்லைப் பக்கம் வந்தால் திறந்து பார்த்துவிடக் கூடாதே, அவனும் எழுந்து நடமாடி என் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று வெளியே பூட்டுப் போட்டுச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாளாம். காலையில் நான் தொழக் கிளம்பிய பிறகுதான் திறந்தாளாம். புதிதாக வந்தவன் போல வாசலில் போய் நிற்கச் சொன்னவளும் அவளே. அந்தச் சட்டையில் இருந்தது என் வீட்டுக் கரி.

மாமாவுக்குத் தெரியக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அவன் ஜெயிலுக்குள் உட்கார்ந்து அதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான். இவளோ, விட்டுவிடுவார்கள் என்று நான் சொன்னதை நம்பிக்கொண்டு இங்கே சமைத்துக்கொண்டிருக்கிறாள். பெண்கள் காதைப் பற்றிய என் சட்டத்துக்குக் கிடைத்த பலன். நீங்கள் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

மூன்று நாளாக நான் அவளோடு பேசவில்லை. அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

வக்கீலிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள். அவள் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தால் போதாதா? என் வீட்டுப் பெண் அத்தனை ஆண்களுக்கு முன்னால் கூண்டில் ஏறி, புருஷனுக்குத் தெரியாமல் கதவைத் திறந்தேன் என்று சொல்வதா? அவளிடம் கேட்டால், "எந்த ரயிலுக்குப் போவணும்?" என்கிறாள்.

மு. இஸ்மாயில்

*

கடலூர் முதுநகர்
11.7.1964

மச்சான்,

போதாது. கேட்டுட்டேன். அவ வாயால்தான் சொல்லணும்.

அதோட, அவ மட்டும் வந்தும் பிரயோஜனம் இல்லையாம். பெருநாளைக்குப் புதுச் சட்டையோட வந்த அண்ணன் மகனை விறகுக் கொட்டடியில் போட்டுப் பூட்டினேன் என்று ஒருத்தி சொன்னா எந்த ஜட்ஜ் நம்புவார்? ஏன்மா பூட்டினே என்று கேப்பாங்க. அதுக்குப் பதில் உங்ககிட்டத்தான் இருக்கு. நோன்பு திறக்கிற நேரத்தில் தகப்பன் இல்லாத பிள்ளையை அறைஞ்சு தள்ளினேன் என்று நீங்க முதலில் சொன்னாத்தான், அவ சொல்றதுக்குக் கால் முளைக்கும். அன்னிக்குக் கூடத்தில் இருந்தவங்களில் ஒருத்தரையாவது கூட்டி வந்தா இன்னும் நல்லது.

நாலு பேர் நடுவில் தன்னையே கேவலப்படுத்திக்கிறது எனக்குத் தினப்படி வியாபாரம். உங்களுக்குப் பழக்கமில்லை. அதுதான் பயமா இருக்கு. மஞ்சக்குப்பத்தில் ஒரு தடவை சொன்னா சிதம்பரத்தில் காலத்துக்கும் பேசுவாங்க. தெரிஞ்சுதான் கேக்கறேன். விசாரணை 20-ம் தேதி.

ஜலீல்

*

சிதம்பரம்
15.7.1964

மச்சான் அவர்களுக்கு,

இரண்டு பேரும் வருகிறோம். 19-ம் தேதி சாயந்திர ரயில்.

கூடத்தில் இருந்தவர்கள் யாரும் வர மாட்டார்கள். கொலை கேஸ் என்கிறார்கள். ஒருவர் மட்டும், "நீங்க அறைஞ்சதை நான் பார்க்கலையே, கஞ்சியைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றார். இருபது வருஷப் பழக்கம். செயலாளர் பொறுப்புக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டேன். யாரும் மறுத்துச் சொல்லவில்லை.

கோர்ட்டுக்குப் போட்டுக்கொள்ளப் பையனுக்கு ஒரு நல்ல சட்டை எடுத்து வைக்கச் சொல்கிறாள் ருக்கையா. வெள்ளை வேண்டாமாம்.

மு. இஸ்மாயில்

*

கடலூர் முதுநகர்
7.8.1964

மச்சானுக்கு,

சாட்சி சொன்ன கையோட இரண்டு பேரும் ரயிலேறிட்டீங்க. தீர்ப்பு வந்த அன்னிக்கு, விடுதலை என்று மட்டும் தந்தி கொடுத்தேன். என் தந்தியை இந்தத் தடவையாவது நம்பியிருப்பீங்க. மிச்சத்தை எழுதணும். எழுத ஓய்ச்சலா இருக்கு, இருந்தாலும் எழுதறேன்.

நீங்க கூண்டில் நின்னு அறைந்தேன் என்று சொன்னது முதல் தடவை பின்வரிசைக்குக் கேக்கலை. ஜட்ஜ் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். இரண்டாம் தரம் நல்லாக் கேட்டுச்சு. ஒரு பிறையைப் பார்த்தது பெரிசில்லை மச்சான், அந்த இரண்டாம் தரம் பெரிசு. இதை நேரில் சொல்லியிருப்பேன். உங்க முகத்தைப் பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டேன்.

அப்புறம் துப்பட்டியைப் போத்திக்கிட்டு என் தங்கச்சி ஏறினாளே. புருஷனையே ஏமாத்தினவங்க கோர்ட்டை ஏமாத்த மாட்டீங்கன்னு என்ன நிச்சயம் என்று சர்க்கார் வக்கீல் மடக்கினார். "அவருக்குப் பயந்து மறைச்சேன். உங்களுக்கு நான் ஏன்யா பயப்படணும்?" நான் சிரிச்சுட்டேன். டவாலி முறைச்சான். நீங்களும் குனிஞ்சு சிரிச்ச மாதிரி எனக்குப் பட்டுச்சு. என் பார்வையை நீங்க நம்ப மாட்டீங்க, விடுங்க.

தீர்ப்பில், இவன் செய்யலை என்று எந்த இடத்திலும் எழுதலை. குற்றம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கப்படலை, அதனால் சந்தேகத்தின் பலன் எதிரிக்கு என்றுதான் எழுதியிருக்கு. கோர்ட்டு பாஷையில் எதிரின்னா இவன்தான். நம்ம வக்கீலுக்கு ஏக சந்தோஷம். எனக்கு வெளியே வந்தப்புறம்தான் விளங்குச்சு. பலனை இவன் கையில் கொடுத்துட்டு, சந்தேகத்தை ஊர் கையில் கொடுத்துட்டாங்க. இவன் தெருவில் வந்தா சோடா சாமிக்கண்ணு கடைக்குள்ளே போய் எதையோ தேடறார். கலியமூர்த்தியோட சம்சாரம் மண்டி வாசலில் நின்னு இவனையே பார்த்துக்கிட்டிருக்கு. அதைக் குத்தம் சொல்ல முடியுமா? கொன்னவன் யாருன்னு அதுக்கு இன்னும் யாரும் சொல்லலை. என் கடைக்குக் குடை வாங்குற மாதிரி வர்றாங்க, விரிச்சுப் பார்க்கறாங்க, "பாய், நெசமாவே தம்பி செய்யலையா?" என்று கேட்டுட்டு, குடையை மடக்கி வெச்சுட்டுப் போறாங்க.

நேத்து ரஹ்மத் பீவி வீட்டில் சாப்பாடு. பையனுக்கும் எனக்கும் பரிமாறினா. இத்தனை மாசமா கஞ்சி கொடுக்கிறாங்களா, போர்வை இருக்கா என்பதைத் தவிர அவ வேறு எதையும் கேட்டதில்லை. நேத்து மீன் குழம்பை ஊத்திக்கிட்டே, தணிஞ்ச குரலில் கேட்டா.

"நீ செய்யலதானே தம்பி?"

பையன் கை சோத்தில் நின்னுபோச்சு. அவளைப் பார்க்கலை, என்னைப் பார்த்தான். "பெரிய வாப்பா, நீங்களும் கேட்டுடுங்க" என்றான்.

எனக்கு வாய் வரலை. வாய் வராத ஜலீலை முதுநகர் இதுக்கு முன்னாடி பார்த்ததில்லை. ருக்கையா சொன்னதை என் காதால் கேட்டவன் நான். நம்புறேன். ஆனா பாசத்தில் சொல்லியிருப்பாளோ என்று உள்ளே ஒரு மூலையில் கிடக்கத்தான் செய்யுது. துடைச்சாலும் போகலை. உங்களுக்கும் கிடக்கும் மச்சான், மறுக்காதீங்க. சாவி முந்தானையில் இருந்ததை நீங்களும் பார்க்கலை, அவ சொல்லித்தான் உங்களுக்கும் தெரியும்.

சோத்தை முழுசாச் சாப்பிட்டு முடிச்சு, கை கழுவிட்டு வந்து, மாமி வீட்டுக்குப் போறேன் என்றான். அவன் அம்மா அழுதா. தடுக்கலை. நானும் தடுக்கலை. அவனிடம் எதையும் கேக்க வேண்டிய அவசியமில்லாத ஆள் இந்தப் பூமியில் ஒருத்திதான் இருக்கா. பூட்டினவ அவ, திறந்தவளும் அவ.

திங்கக்கிழமை காலை ரயிலில் ஏத்தி விடறேன். ஸ்டேஷனுக்கு ருக்கையாவை அனுப்புங்க. நீங்களும் போறதா இருந்தா, பெட்டியைத் தூக்க மட்டும் போங்க.

ஜலீல்